மாரிநாளும் மனத்துக்கு இதமான படங்களும்

மழை எல்லார்க்கும் பொது என்பர். பெய்வது பொதுவாக இருக்கலாம். நனைவது ஒருபோதும் பொதுவாக இருந்ததில்லை. ஐப்பசி பிறந்ததும் ஈழத்தின் வடபுலத்தில் மாரி தொடங்கிவிடுகிறது. ஆண்டு மழையிற் பெரும்பங்கு மார்கழி முடிவதற்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஓட்டுக் கூரையின் கீழே மாதச் சம்பளத்தோடு வாழ்பவனுக்கு இவை இதமான நாள்கள். இஞ்சித் தேநீரும், வறுத்த கச்சானும், மனத்துக்குப் பிடித்த ஒரு பழைய படமும் அவனுக்குப் போதும். ஆனால் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வெறுங்கையோடு கடலைப் பார்த்திருக்கும் தொழிலாளிக்கும், தோட்டத்தில் வெள்ளம் நிற்பதால் நாட்கூலியை இழந்தவனுக்கும், மலையகத்து லயத்திலே மண்மேடு எப்போது சரியுமோ என்று உறங்காதிருக்கும் குடும்பத்துக்கும் அந்த மழை வேறு செய்தியையே சொல்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயலின்போது இந்நாட்டில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் மண்சரிவிற் புதையுண்டோர் பலர்.

இவ்வுண்மையை மறைத்துவிட்டு, மழைநாளில் வீட்டிலிருந்து பார்க்கத்தக்க படங்களைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. ஆனால், இவ்வுண்மையைச் சொல்லிவிட்டு, ஆகையால் இதமான படங்களே வேண்டாம் என்று முடிப்பதும் நேர்மையாகாது என்பது நமது எண்ணம்.

முற்போக்கு எண்ணங் கொண்ட நம்மிடையே இத்தகைய படங்களைப் பற்றி ஓர் இளக்காரம் நெடுநாளாக உண்டு. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாள்களில், சிரிக்கவைக்கும் படம் மக்களை மயக்கும் மருந்து என்று விடுதி அறைகளில் விடிய விடிய வாதிட்டோம். மறுவாரமே அந்தப் படங்களைக் கூட்டமாக இருந்து பார்த்து வயிறு நோகச் சிரித்ததும் உண்டு. களைத்தவன் இளைப்பாறுவது குற்றமா? 1886ஆம் ஆண்டில் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தெருவில் இறங்கினர். அவர்கள் வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டது எதற்காக? உறக்கம் போக எஞ்சும் நேரமேனும் தமக்கென்று இருக்கவேண்டும் என்பதற்காகவும் அன்றோ? ஓய்வும் சிரிப்பும் உழைப்பவர் போராடிப் பெற்ற உடைமைகள். அவற்றை இழிவென்று தள்ள நமக்கு உரிமையில்லை. அந்தச் சிரிப்பை யார் நமக்குத் தருகிறார்கள், அது யாரைப் பார்த்து எழுகிறது என்று கேட்கும் உரிமை மட்டும் உண்டு.

நமது வீட்டில் மழை பிடித்துக்கொண்டால் அன்னை விரும்பிக் கேட்கும் படம் ஒன்று உண்டு. ஸ்ரீதர் 1964இல் உருவாக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ அது. ஆழியாற்றுப் பக்கத்துப் பசுமை, பாலையாவின் முகபாவங்கள், கையிற் காசில்லாமலே படம் எடுக்கப் புறப்படும் நாகேஷ் ஆகியவற்றை எத்தனை மாரிகளிற் பார்த்தாலும் அலுப்பதில்லை. நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா நடுங்குகின்ற கட்டம் வரும்போது, அடுக்களையில் இருப்பவரும் கரண்டியோடு ஓடிவந்து நிற்பர்.

ஆயினும் அந்தப் படத்தின் கதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வேலையினின்றும் நீக்கப்பட்ட இளைஞன் ஒருவன், முதலாளியின் மாளிகை வாசலிற் கூடாரம் அடித்து, வேலையைத் திருப்பித் தா என்று ஆடிப் பாடிப் போராடுகிறான். தொழிலாளர் போராட்டம் ஒன்றின் வடிவத்தை அப்படியே நகைச்சுவையாக்கியிருக்கிறார்கள். பின்னர் நடப்பது என்ன? வேலை கேட்டவன் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு, முதலாளியின் மகளைக் கைப்பிடிப்பதற்காகத் தானும் ஒரு கோடீசுவரனின் மகன் என்று நடிக்கத் தொடங்குகிறான். பணம் என்றதும் பல்லிளிக்கும் செல்வரைப் படம் பரிகசிக்கிறது. அது அதன் நற்குணம். ஆனால் வேலையில்லாதவனின் துயர் தீரும் வழி செல்வர் வீட்டுச் சம்பந்தம் என்று முடிக்கிறது. அது அதன் எல்லை. இரண்டையும் அறிந்துகொண்டே நாம் அதனைப் பார்க்கிறோம், சிரிக்கிறோம். அறிந்து சிரிப்பதனால் இன்பம் குறைவதில்லை.

இன்னொரு வகை ஆறுதலும் உண்டு. அதனை நாம் 2024 நவம்பரிற் கண்டோம். வடக்கையும் கிழக்கையும் வெள்ளம் சூழ்ந்த நாள்கள் அவை. உயர்தரப் பரீட்சையும் இடையில் நிறுத்திவைக்கப்பட்டது. நாம் கற்பிக்கும் பாடசாலையின் வகுப்பறைகளிற் பல குடும்பங்கள் வந்து தங்கின. மேசைகளை அடுக்கித் தடுப்பாக்கிக்கொண்டு, நனைந்த பாய்களோடும் பாத்திரங்களோடும் அவர்கள் இருந்தனர். மூன்றாம் நாள் மாலை, மேல்வகுப்பு மாணவர் சிலர் பாடசாலையின் ஒளியெறிகருவியை மின்பிறப்பாக்கியோடு இணைத்து, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, படம் காட்டலாமா என்று வந்து நின்றார்கள். உடனிருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் தடுத்தார். சனங்கள் வீடிழந்து கிடக்கையில் படமா என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. அப்போது தாழ்வாரத்தில் இருந்த மூதாட்டி ஒருத்தி, “பிள்ளையள் மூண்டு நாளாய்ச் சிரிக்கேல்லைத் தம்பி, போடுங்கோ” என்றாள். அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை.

மாணவர் தேர்ந்த படம் சார்ளி சாப்ளின் 1925இல் உருவாக்கிய ‘தங்க வேட்டை’. பேச்சில்லாத படமாகையால் மழையிரைச்சல் அதற்குத் தடையாகவில்லை. பனிப்புயலில் அகப்பட்டுக் குடிசையொன்றில் ஒதுங்கிய ஏழை, பசி தாளாமல் தன் சப்பாத்தை அவிக்கிறான். பெருவிருந்துபோலப் பரிமாறுகிறான். சப்பாத்தின் ஆணிகளைக் கோழி எலும்பைப்போலச் சூப்புகிறான். வகுப்பறை முழுவதும் சிரிப்பினால் அதிர்ந்தது. புயல் அந்தக் குடிசையை மலைவிளிம்புக்குத் தள்ளி ஊசலாட்டும் கட்டத்தில், முதல் நாள் தன் வீட்டுக் கூரை பறந்ததைக் கண்ட கடற்றொழிலாளி ஒருவர், “மாஸ்ரர், இவன் எங்கட ஆள்தான்” என்று உரக்கச் சொன்னார். மீண்டும் சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்பு மறதியினால் எழுந்ததன்று. வாசலில் வெள்ளம் நிற்பதை அங்கே யாரும் மறக்கவில்லை. தம் நிலையையே திரையிற் கண்டு, அந்த நிலையிலும் மனிதன் மனிதனாக நிற்க முடியும் என்று கண்டதனால் எழுந்தது. சாப்ளினுக்குப் பசி கற்பனையன்று. தென் இலண்டனிற் பிறந்து, ஏழு வயதிலே ஏழைகள் இல்லத்திற்கு அனுப்பப்பட்டவர் அவர். திரையில் அவர் உண்ட சப்பாத்து அதிமதுரத்தினாற் செய்யப்பட்டது. ஆனால் அதனை உண்ணும் முகத்திலே தெரிவது நாடகப் பசியன்று.

அந்தப் படத்தின் முடிவிலும் ஏழைக்குத் தங்கம் கிடைக்கிறது, கோடீசுவரனாகிறான். எனினும் மறுநாட் காலை பிள்ளைகள் நடித்துக் காட்டி விளையாடியது தங்கத்தையன்று, சப்பாத்து விருந்தையே. அன்னை நினைத்து நினைத்துச் சிரிப்பதும் கோடீசுவரச் சம்பந்தத்தையன்று, காசில்லாத நாகேஷையே. முடிவை எவர் எப்படி அமைத்தாலும் மக்களின் நினைவு தனக்குரியதையே தேர்ந்து வைத்துக்கொள்கிறது. 1936இல் வெளிவந்த ‘நவீன காலம்’ படத்தில் சாப்ளின் முடிவையும் மாற்றிவிட்டார். தொட்டால் உத்தரம் தலையில் விழும் ஓட்டைக் குடிசையைத் தம் மாளிகையாகக் கொண்டாடிய இருவர், இறுதியில் வேலையும் வீடுமின்றி நெடுஞ்சாலையிற் கைகோத்து நடக்கின்றனர். தங்கம் இல்லை, துணை உண்டு. மழைநாளுக்கு இதனினும் இதமான படத்தை நாம் அறியோம்.

இன்று படங்கள் கைபேசிக்குள் வந்துவிட்டன. மழை வந்தால், ஒரு வீட்டில் நால்வர் நான்கு மூலைகளில் நான்கு படங்களைத் தனித்தனியே பார்க்கிறார்கள். மின்சாரமில்லாத தொண்ணூறுகளில், மின்பிறப்பாக்கிக்கு மண்ணெண்ணெய் சேர்த்து, தொலைக்காட்சிப் பெட்டியை வாடகைக்கு எடுத்து, ஒழுங்கை முழுவதும் ஒரு முற்றத்திற் கூடிப் படம் பார்த்த ஊர்கள் நம் ஊர்கள். அந்தப் பஞ்சம் திரும்ப வேண்டாம். ஆனால் அந்தக் கூட்டத்தை இழந்துவிடவும் வேண்டாம்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் நாம் சொல்லக்கூடியது இதுதான். வரும் மாரியில் நல்ல படமொன்றைப் போடுமுன், ஒழுங்கையில் எந்தக் கூரை ஒழுகுகிறது என்று பார்த்து வாருங்கள். அந்த வீட்டாரையும் அழைத்து வாருங்கள். படம் முடிந்து மழை விட்டதும், எல்லாரும் சேர்ந்து அவர்களின் கூரைக்குக் கிடுகு மாற்றலாம்.