ஆப்பிள் மரப்பட்டையும் சிறுநீரகமும்

சர்க்கரை நோயாளி இல்லாத குடும்பம் நம் ஊரில் குறைவு. நோய் வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆனால் அடுத்த பயம் சிறுநீரகம். உடனே ஆளுக்கொரு மூலிகை சொல்வார்கள். நான் மருந்தியல் மாணவன் என்பதால், "இதைக் குடிக்கலாமா?" என்ற கேள்வி கடைசியில் என்னிடம் வந்து நிற்கும்.

செடியில் மருந்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இன்று இந்த நோய்க்குக் கொடுக்கும் முக்கியமான மாத்திரை வகை ஒன்று பிறந்ததே மரப்பட்டையிலிருந்துதான்!

1835-ல் ஐரோப்பாவில், ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சிங்கோனா போலக் கசந்ததால் காய்ச்சலுக்கு உதவும் என்று நினைத்தார்கள். 1886-ல் ஃபான் மெரிங் என்ற ஜெர்மன் மருத்துவர், அது சிறுநீரில் சர்க்கரையை இறங்க வைப்பதைக் கண்டார். நம் சிறுநீரகம் தினமும் சுமார் 180 கிராம் சர்க்கரையை வடிகட்டி, பின் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அந்த வாசலைத்தான் ஃப்ளோரிசின் அடைக்கிறது.

ஆனால் ஃப்ளோரிசினை அப்படியே சாப்பிட்டால் பெரும்பகுதி குடலிலேயே உடைந்துவிடும். அதனால் மூலக்கூறை மாற்றி, உடையாதபடி செய்தார்கள். அப்படி வந்தவைதான் டாபாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் எல்லாம். இவை சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைக்கின்றன. 2019-ல் வெளியான கிரெடென்ஸ் ஆய்வில், சர்க்கரையால் சிறுநீரகம் கெட்ட 4401 பேரில் பாதிப் பேருக்குக் கானாகிளிஃப்ளோசினும் மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் போன்ற ஆபத்துகள் சுமார் 30 சதவீதம் குறைவு. பட்டையிலிருந்து இங்கே வர 184 வருடம்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பல பெண்களுக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. காரணம், அரிஸ்டோலோகியா என்ற செடியில் உள்ள அமிலம். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான்.

போன மாதம் என் பெரியப்பாவுக்குச் சிறுநீரில் ஆல்புமின் இறங்குவது தெரிந்தது. யாரோ கொடுத்த கஷாயப் பொடியோடு வந்தார். மூன்றே கேள்வி கேட்டேன். இதில் என்ன செடி இருக்கிறது பெரியப்பா? எவ்வளவு இருக்கிறது? இதைக் குடித்தவர்களின் கிரியாட்டினினை யாராவது அளந்து பார்த்தார்களா? மூன்றுக்கும் அந்தப் பாக்கெட்டில் பதில் இல்லை. பொடியை அப்படியே டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டச் சொன்னேன். கூடவே, இந்த மாத்திரை அவருக்கு ஒத்துவருமா என்றும் கேட்கச் சொன்னேன்.

செடி நமக்குத் துப்புக் கொடுக்கும். அது மருந்தா விஷமா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.