மீனுக்கும் பொருத்தம் பார்க்கணும் சார்!

ஏழு மீன் விட்டேன். எட்டாம் நாள் காலையில் எண்ணிப் பார்த்தால், ஒன்று. அந்த ஒன்றுக்கு மட்டும் வயிறு கொஞ்சம் பெரிதாக இருந்தது!

மதுரையில் ஒரு ஆபீஸில் நான் குமாஸ்தா. பக்கத்து சீட்காரர் வீட்டில் உப்புத் தண்ணீர் மீன்தொட்டியைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. போனஸ் மொத்தத்தையும் கொட்டி இரண்டரை அடித் தொட்டி, மோட்டார், விளக்கு எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் சிரித்த முகத்தோடு பிடித்துக் கொடுத்தது... சிங்க மீன் ஒன்று, நீல டாம்ஸல் நாலு, பட்டாம்பூச்சி மீன் ரெண்டு. அன்றைக்கே தண்ணீர் ஊற்றி அன்றைக்கே மீன் விட்டேன்.

டாம்ஸல்கள் ஆளுக்கொரு மூலையைப் பட்டா போட்டுக்கொண்டு குடுமிபிடிச் சண்டை. பட்டாம்பூச்சி மீன்கள் போட்ட தீனியைத் தொடாமல் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டன. மிச்சம் மீதியை சிங்கம் கவனித்துக்கொண்டது. பத்தாம் நாள் அதுவும் மிதந்தது.

"வாயில்லா ஜீவனைக் கொன்னுட்டியேடா..." என்றாள் அம்மா. "அப்பா திதிக்கு ராமேஸ்வரம் போறோமில்ல, இதுக்கும் சேர்த்து ஒரு முழுக்குப் போட்டுடு."

அந்தப் பயணத்தில் நான் ஒரு இருபது லிட்டர் கேனும் எடுத்துப் போனேன். முழுக்குக்கு அல்ல. கடல் தண்ணீர் பிடித்து வர!

மண்டபம் தாண்டியதும் ரயில் கடல் மேல் ஏறியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகுமாம். 1914-ல் திறந்த பழைய பாலம் 2022 டிசம்பரோடு ரயில் சுமப்பதை நிறுத்திக்கொண்டுவிட்டது. ஜன்னலின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. சாதுவான வடகடலைப் பெண் கடல் என்றும், தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். ரெண்டுக்கும் நடுவே தீவு. 'நல்ல ஏற்பாடு' என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் திதி, 22 தீர்த்தம் எல்லாம் முடித்து அம்மாவை லாட்ஜில் படுக்க வைத்தேன். அக்னி தீர்த்தக் கரையில் கேனை நிரப்பி ரூமில் வைத்துவிட்டு பாம்பனுக்கு பஸ் ஏறினேன்.

கரையில் ஒரு பையன் என்னை நோட்டம் விட்டான். கையில் ஜாம் பாட்டில். உள்ளே விரல் நீளத்தில் ஒரு கடல் குதிரை, ஒரு பாசித் துணுக்கை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஐநூறு ரூபா சார்."

என்ன அழகு! ஆபீஸ் மொத்தமும் என் வீட்டுக்குப் படையெடுக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. பர்ஸைத் திறந்தேவிட்டேன்.

"தம்பி, அதை வாங்காதீக!"

படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். எழுபது வயது தாண்டியிருக்கும். பையனை ஒரு அதட்டல் போட்டார். அவன் முழங்கால் தண்ணீர் வரை ஓடிப் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு மறைந்தான்.

"எங்கிட்டு இருந்து வர்றீக? கடல் குதிரை, கடல் அட்டை, பவளக் கல்லு... இதெல்லாம் தொட்டா ஜெயிலு. தெரியுமுல்ல?"

தெரியாது சார், சத்தியமாகத் தெரியாது. புலிக்கும் யானைக்கும் இருக்கிற அதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இவற்றை 2001-லேயே சேர்த்துவிட்டார்கள். ஏழு வருஷம் வரை உள்ளே போடலாம். சர்வீஸ் ரிஜிஸ்டரில் என்னவென்று எழுதுவார்கள்? முதுகில் வியர்த்தது.

"சட்டம் கிடக்கட்டும் தம்பி" என்றார் பெரியவர். "வாலிபத்துல நானே படகு படகா கல்லு வெட்டியிருக்கேன். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். பாரு போச்சுன்னா அலையைத் தடுக்க என்ன இருக்கு? கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவு, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லித் தீவு... ரெண்டும் தண்ணிக்குள்ள போயிருச்சு. அந்தக் கூலியிலதான் எனக்குக் கல்யாணம் நடந்துச்சு."

கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

1986-ல் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதில் ரெண்டு இப்போது கணக்கில் மட்டும்தான் தீவு.

என் ஏழு மீன் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"பொண்ணு பார்க்கப் போனா பத்துப் பொருத்தம் பார்க்குறீகள்ல? மீனுக்கு மூணு பார்த்தாப் போதும். ஒருத்தன் வாயில இன்னொருத்தன் நுழைவானா? தனக்குன்னு இடம் பிடிச்சுச் சண்டை போடுறவனா? அவன் பாருல தின்னுறதை உங்களால குடுக்க ஏலுமா?"

என் ஜாதகம் மூன்றிலும் ஃபெயில்! சிங்க மீன் வாயில் நுழைவதை எல்லாம் விழுங்கும். டாம்ஸல் முதலில் குடியேறினால் தொட்டியே தன்னுடையது என்று நினைக்கும். பட்டாம்பூச்சி மீன்களில் பல ஜாதி உயிருள்ள பவளத்தைக் கொத்தித் தின்பவை. அதற்கு நான் கடை மாத்திரைத் தீனி போட்டிருக்கிறேன்!

"அந்தக் கேன் தண்ணி? ஊரே முழுகுற இடத்துல பிடிச்சதையா மீனுக்கு ஊத்துவீக?"

மறுநாள் ஊர் திரும்பும் வழியில் மண்டபத்தில் இறங்கினேன். 1947-ல் பிறந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு இருந்த ஊர் இது. தலைமையகம் பிற்பாடு கொச்சிக்குப் போய்விட்டாலும் மண்டபத்தில் மையம் இருக்கிறது, மீன் காட்சியகமும் இருக்கிறது. கடல் சாமந்தியின் கொடுக்கு விரல்களுக்கு நடுவே கோமாளி மீன் சொகுசாகக் கிடந்தது. இந்தக் கோமாளிகளை முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் வித்தையை இங்கே கற்றிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீன் தொட்டியையே ஊர் என்று நினைக்கும்; கடலிலிருந்து ஒன்று குறையவும் குறையாது.

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். உங்களில் யாருக்காவது இந்தப் பைத்தியம் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூறு லிட்டருக்குக் குறைந்த தொட்டி வேண்டாம். தண்ணீர் குறைந்தால் தப்புக்கு இடமில்லை. குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரில் கடல் உப்புக் கலவை, அடர்த்தி 1.025. உடனே மீன் விடக்கூடாது. கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்று மாற்றும் பாக்டீரியா தொட்டியில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். என் சிங்கத்தைக் கொன்றது பெரும்பாலும் இந்த அவசரம்தான். தண்ணீர் ஆவியானால் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றவேண்டும், உப்பு ஆவியாவதில்லை!

அப்புறம் குடித்தனக்காரர்கள். முதலில் நத்தை மூன்று, பாசி மேய. பிறகு துப்புரவு இறால் ஒன்று. மீன் மேல் ஏறி ஒட்டுண்ணி பொறுக்கும். துறவி நண்டை ஒதுக்கிவிட்டேன். பேர்தான் துறவி, ஓட்டுக்காக நத்தையையே தீர்த்துக்கட்டும். அடியில் மண்ணோடு இருக்க ஒரு சின்ன உளுவை. கடைசியாகப் பண்ணைக் கோமாளி ரெண்டு. கடல் சாமந்தி வாங்கவில்லை. அதற்கு நல்ல வெளிச்சமும், பழகிய தொட்டியும் வேண்டும். செத்தால் தண்ணீரையே கெடுக்கும். அது இல்லாமலே கோமாளி சந்தோஷமாக இருக்கும்.

இன்னொன்று. மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் தாமிரம் கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மீன் பிழைக்கும், இறாலும் நத்தையும் போய்ச்சேரும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம்.

கோமாளிகளில் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும். அதிகாரம் அதன் கையில். அது செத்தால் புருஷனே பெண்ணாகிக் குடும்பத்தை நடத்தும். இதைச் சொன்னதும் அம்மா தொட்டியை உற்றுப் பார்த்தாள்.

"பரவாயில்லையே... தண்ணிக்குள்ளேயாவது பொம்பளை பேச்சு எடுபடுதே!"

அந்தக் கேன் தண்ணீர் வீணாகவில்லை. தீர்த்தமென்று அம்மா வீடு முழுக்கத் தெளித்து, பாக்கியைத் தெருவுக்கே விநியோகம் செய்துவிட்டாள்.

ஆறு மாசம் ஆகிறது. தினமும் ஆபீஸ் கிளம்பும் முன் எண்ணுகிறேன். கோமாளி ரெண்டு, உளுவை ஒன்று, இறால் ஒன்று, நத்தை மூன்று. மொத்தம் ஏழு.

கணக்கு சரியாக இருக்கிறது, ஐயா!