அம்மாவின் கிளிக்கொரு சட்டம்

சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அதைத் தாங்கி நிற்கும் மரச்சட்டத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? ஒரு கிளியைப் பறிகொடுக்கும் வரையில் நானும் பார்த்ததில்லை.

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இரண்டு கிளிகள் இருந்தன. திருமணத்திற்கு முன் தையல் வகுப்பில் கற்று, மேட்டித் துணியில் அம்மா பின்னியவை. அதன்பின் வயலும் அடுப்படியும் அவரை எடுத்துக்கொண்டன. ஊசி, கிழிந்த சட்டைகளுக்கு மட்டுமே பயன்பட்டது.

பள்ளி இறுதி வகுப்பு விடுமுறையில், ஒரு கிளிக்குச் சட்டம் போட்டு அம்மாவை வியக்க வைக்க எண்ணினேன். மைதாப் பசையால் துணியை அட்டையில் ஒட்டினேன். ஈரம் காயாத மாமரத் துண்டுகளை அறைந்து, கண்ணாடியைத் துணிமேல் அழுத்தி வைத்தேன். மழைக்காலம் வந்தது. மூலைகள் வாய் பிளந்தன. கண்ணாடிக்குள் நீர் கோத்தது. கரும்பூசணம் படர்ந்தது; பசையைத் தின்ன வந்த பூச்சி நூலையும் தின்றது. “போனாப் போவுதுடா” என்றார் அம்மா. அன்று மாலை அவர் மற்றொரு கிளியை எடுத்து, நெடுநேரம் பார்த்துவிட்டு, மடித்துப் பெட்டியின் அடியில் வைத்ததைக் கண்டேன். திட்டியிருந்தால் கூட அவ்வளவு வலித்திராது.

நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர்த்துணி, தொம்பை என்று கோயில்களை அழகுசெய்யும் கருப்பூர்க் கலம்காரிக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது. மரமும் துணியும் ஒன்றாக மதிப்புப் பெற்ற ஆண்டு அது! அத்தகைய சிற்பப் பட்டறை ஒன்றிற்குத் தயங்கித் தயங்கிச் சென்றேன். முதியவர் ஒருவர் என் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

“மரத்தை அப்புறம் பாக்கலாம் தம்பி. துணிக்கு மூச்சு வேணும். அதை மொதல்ல தெரிஞ்சுக்க” என்றார்.

கதவு வேலையில் மிஞ்சிய, நன்கு காய்ந்த தேக்குச் சட்டத்தைத் தந்தார். இழைப்புளி பிடிக்கக் கற்றேன். நான்கு துண்டுகளின் முனைகளையும் 45 பாகைச் சாய்வில் அறுத்தேன். உள்விளிம்பில் கண்ணாடி உட்காரப் படி வெட்டினேன். உள்ளளவு 12 அங்குலம், 16 அங்குலம். எதிரெதிர் மூலைகளுக்குக் கயிறு பிடிக்கச் சொன்னார். இரண்டும் 20 அங்குலம் இருந்தால்தான் சட்டம் கோணவில்லை என்று பொருள். வகுப்பில் மனப்பாடம் செய்த பிதாகரஸ் தேற்றம் அன்றுதான் என் கைக்குப் புரிந்தது. முதல் சட்டத்தில் ஒரு கயிறு இரண்டு நூல் கூடுதலாக வந்தது. பிரித்து மீண்டும் அறுத்தேன்.

கண்ணாடி துணியைத் தொடாதிருக்க, இடையில் கால் அங்குல மரக்குச்சிகள். அட்டைமேல், கஞ்சி போகத் துவைத்த காடாத் துணி. அதன்மேல் கிளித்துணியை ஒட்டக்கூடாது; ஓரங்களில் தைக்க வேண்டும்.

“தைக்கிறது உன் வேலையில்ல. செஞ்சவங்களையே தைக்கச் சொல்லு” என்றார் பெரியவர்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் அந்த ஊசி கிழிசல் அல்லாத ஒன்றில் ஏறி இறங்கியது. அருங்காட்சியகங்களில் பழந்துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியே போதும் என்பார்கள். எனவே வெயில் படாத உட்சுவரில் மாட்டினோம். அண்டை வீட்டார் வந்து, “யார் செஞ்சது?” என்று கேட்டார்கள். அம்மா என்னைக் காட்டினார். நான் அம்மாவைக் காட்டினேன்.

சென்ற வாரம் கடைத்தெருவிலிருந்து மேட்டித் துணியும் பச்சை நூலும் வாங்கி வரச் சொன்னார். “எதற்கம்மா?” என்றேன்.

“அது ஒத்தையா இருக்குதே” என்றார்.

கிளி இன்னும் பாதிதான் வளர்ந்திருக்கிறது. தேக்குச் சட்டம் தயாராக இருக்கிறது. இரண்டு கயிறும் 20 அங்குலம்தான். மூன்று முறை அளந்துவிட்டேன்.