ஜோம்சோம்: காற்று விட்ட வழி

முக்திநாத் சேவித்துவிட்டு வந்தவர்களிடம் ஜோம்சோமைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "அங்கேதான் ஃப்ளைட்டுக்காகக் காத்துக்கிட்டிருந்தோம்." நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் எனப்படும் முக்திநாத்துக்குப் போகும் வழியில், ஓர் இரவோ இரண்டு இரவோ தங்கும் இடமாகவே தமிழ் யாத்ரீகர்கள் இந்த ஊரை அறிந்திருக்கிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய தலத்துக்கு வாசலாக இருக்கும் ஊருக்கு இது நியாயமில்லை. அங்கே காத்திருக்க வேண்டியிருப்பதன் காரணம் புரிந்தால் ஊரே புரிந்துவிடும்.

நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத் தலைநகரம் ஜோம்சோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,740 மீட்டர் உயரத்தில், காளி கண்டகி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றோடு தெற்கே இறங்கினால் மேற்கில் 8,167 மீட்டர் தவுலகிரி, கிழக்கில் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. எண்ணாயிரம் மீட்டரைத் தாண்டிய இந்த இரண்டு சிகரங்களுக்கும் நடுவே மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது ஆறு. இமயம் எழுவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த ஆறு இது, மலை உயர உயர அறுத்துக்கொண்டே வந்தது என்பது புவியியலாளர்கள் சொல்லும் விளக்கம். கடலடியாக இருந்த பாறைகள் மேலே வந்ததற்குச் சாட்சி ஆற்று மணலிலேயே கிடக்கிறது: நாம் பூஜையில் வைக்கும் சாளக்கிராமம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மொனைட் என்ற உயிரின் புதைபடிவம். சக்கரம் என்று நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வது அதன் ஓட்டின் சுருள்.

மழைமேகத்தை அன்னபூர்ணாத் தொடர் தெற்கிலேயே தடுத்துவிடுகிறது. தெற்கே இருக்கும் பொக்காரா நகரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. விமானத்தில் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் ஜோம்சோமில் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெய்யாது. அதனால்தான் வீடுகளுக்குச் சரிவுக் கூரை இல்லை. மண் பூசிய தட்டை மாடிகள். மாடியின் விளிம்பைச் சுற்றி விறகு அடுக்கியிருப்பார்கள். மலை முழுக்கச் சாம்பலும் காவியுமாக இருக்கும். தலைக்கு மேலே 7,061 மீட்டர் உயர நீலகிரிச் சிகரம் மட்டும் வெள்ளை.

இனி காற்று. காலையில் வெயில் ஏற ஏற, வடக்கே திபெத்தை ஒட்டிய வறண்ட மேட்டுநிலம் சூடாகிறது. அங்கே காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று ஓடி வருகிறது. வருவதற்கு இருக்கும் வழியோ ஆறு அறுத்த இந்த ஒரு பிளவுதான். குறுகலில் நெருக்கி வந்த காற்று, தெற்கே மர்பாவிலிருந்து வடக்கே காக்பேனி வரையுள்ள அகன்ற பள்ளத்தாக்கில் முழு வேகம் எடுக்கிறது. பிற்பகலில் மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகம் இங்கே சாதாரணம். புயலோ பருவகாலமோ வந்துதான் அடிக்க வேண்டும் என்றில்லை. வெயில் அடிக்கும் நாளெல்லாம் இப்படித்தான். பத்து மணிக்கு மாடியில் கட்டிய பிரார்த்தனைக் கொடிகள் லேசாக அசையும். பதினொன்றுக்குள் அவை விறைத்து வடக்கு நோக்கி நிற்கும். ஆற்றுப்படுகை மணல் எழுந்து தெருவுக்குள் வரும். கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள், நடப்பவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வார்கள். சூரியன் சாய்ந்த பிறகுதான் அடங்கும். இவ்வளவு காற்று சும்மா போகிறதே என்று 1989-இல் காக்பேனியில் காற்றாலை நிறுவிப் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே காற்று அதை உடைத்துப் போட்டது.

ஆகவே ஜோம்சோமில் விமான நேரத்தைத் தீர்மானிப்பது காற்று. விடிந்ததும் பொக்காராவிலிருந்து முதல் விமானம் கிளம்பும். ஒரே விமானம் மாறி மாறி நாலைந்து நடை அடிக்கும். பத்து, பத்தரைக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பொக்காராவில் மேகம் இருந்தாலும் போச்சு, நடுவில் கோரேபானி கணவாய் மூடியிருந்தாலும் போச்சு. கருவிகளைப் பார்த்து மேகத்துக்குள் இறங்கும் வசதி இங்கே கிடையாது. விமானி கண்ணால் மலையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

இந்தத் தடத்தின் உழைப்பாளி ட்வின் ஆட்டர். கனடாவில் செய்த, பத்தொன்பது பேர் உட்காரும் இரட்டை எஞ்சின் விமானம். 1965-இல் முதன்முதலாகப் பறந்தது. சக்கரம் உள்ளே மடங்காது. தலைக்கு மேலே நீண்ட இறக்கை, அதன் பின்விளிம்பு முழுக்க மடக்குப் பலகைகள். மெதுவாகப் பறந்தாலும் விழாமல் நிற்கவும் குட்டை ஓடுபாதையில் இறங்கவும் என்றே வடிவமைத்தது. ஜோம்சோமில் அது தேவைப்படுகிறது. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். ஜோம்சோமில் இருப்பது ஏறக்குறைய 740 மீட்டர். அதுவும் இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கால்வாசி குறைவு. இறக்கைக்குத் தாங்கல் குறையும், எஞ்சினுக்கு மூச்சு குறையும், அதே விமானம் கூடுதல் வேகத்தில் தரையைத் தொடும். மூட்டைகளை நிறுத்துப் பார்த்து விமான நிலைய ஊழியர்கள் கறாராக இருப்பது இதனால்தான். ஒரு கிலோ சாளக்கிராமம் கூடுதலாக ஏற்றச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உள்ளே ஏறினால் பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாயும் பஞ்சும் நீட்டுவார். பஞ்சு காதுக்கு. விமானி அறையைப் பிரிக்கும் கதவு திறந்தே கிடக்க, முன்வரிசையில் இருப்பவர்களுக்கு விமானிகள் பார்க்கும் அதே காட்சி தெரியும். கோரேபானி கணவாயைத் தாண்டியதும் விமானம் ஆற்றுப் பிளவுக்குள் புகுகிறது. அதன் பிறகு மலைகள் கீழே இல்லை, பக்கத்தில் இருக்கின்றன. இடது ஜன்னலில் தவுலகிரியின் பனி, வலது ஜன்னலில் அன்னபூர்ணாத் தொடர், அண்ணாந்து பார்த்தால்தான் உச்சி. பள்ளத்தாக்கு திரும்பும் இடத்திலெல்லாம் விமானமும் திரும்புகிறது. தரை தொட்டதும் விசிறிகளின் உந்துதல் எதிர்த்திசைக்கு மாறி ஒரு பெரும் இரைச்சல்; உடம்பு முன்னே தள்ளும்; நின்றுவிடும். சில நிமிடங்களில் ஆள் இறங்கி, ஆள் ஏறி, மறுபடி கிளம்பிவிடுகிறது. ஓடுபாதையின் சுற்றுச்சுவருக்கு வெளியே உடனே விடுதிகள், கடைகள். விமானத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்கு ஐந்து நிமிட நடை.

இந்த மலைகளில் விமானம் ஓட்டும் துணிச்சலுக்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. 1960-இல் தவுலகிரி ஏற வந்த சுவிட்சர்லாந்துக் குழுவினர், 'யெட்டி' என்று பெயரிட்ட பிலாட்டஸ் போர்ட்டர் விமானம் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். எர்ன்ஸ்ட் சாக்ஸர், எமில் விக் என்ற இரு விமானிகள் அதைப் பனிச்சறுக்குக் கட்டைகளோடு, மர்பாவுக்கு மேற்கே 5,200 மீட்டர் உயர தம்புஷ் கணவாயில் இறக்கினார்கள். பிறகு 5,700 மீட்டர் உயரப் பனிமேட்டில் ஆளையும் சாமானையும் இறக்கிச் சாதனை படைத்தார்கள். அந்த மே மாதத்திலேயே தம்புஷ் கணவாயில் விமானம் நொறுங்கியது. இருவரும் உயிர் தப்பி நடந்தே கீழே வந்தார்கள். மலையேறிகள் சில நாள் கழித்து உச்சியைத் தொட்டார்கள். தவுலகிரி முதன்முறையாக வசப்பட்டது. யெட்டி மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது.

எல்லோரும் அப்படித் தப்பவில்லை. 2012 மே 14-இல் பொக்காராவிலிருந்து வந்த டோர்னியர் விமானம் ஜோம்சோமில் இறங்க முயன்று, திரும்பும்போது மலைச்சரிவில் மோதியது. இருபத்தொரு பேரில் பதினைந்து பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் முக்திநாத் யாத்திரை வந்த இந்தியர்கள். 2016 பிப்ரவரியில் இதே தடத்தில் ஒரு ட்வின் ஆட்டர் விழுந்து இருபத்து மூவரும், 2022 மே 29-இல் இன்னொன்று விழுந்து இருபத்திரண்டு பேரும் மாண்டார்கள். அந்த இரண்டிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 2022 விபத்துக்குப் பிறகு, புறப்படும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் மட்டுமல்ல, வழி நெடுகிலும் வானம் தெளிவாக இருந்தால்தான் அனுமதி என்று நேபாள அதிகாரிகள் விதியை இறுக்கினார்கள். நேபாள விமான நிறுவனங்கள் 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் இருந்துவருகின்றன. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. 'இன்று பறக்காது' என்று ஒரு விமானி சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரியட்டும் என்றுதான்.

ஊர் மக்களுக்கு வருவோம். ஜோம்சோமுக்குத் தெற்கே தாக் கோலா எனும் பள்ளத்தாக்கைச் சேர்ந்த தகாலிகள் பழைய வணிகர்கள். திபெத்திலிருந்து உப்பு இறங்கும், தெற்கிலிருந்து அரிசியும் தானியமும் ஏறும். இரண்டும் கைமாறிய இடம் துகுச்சே. கோவேறு கழுதைகள் வரிசையாக மணி ஒலிக்க நடந்த பாதை இது. தகாலிகளிடம் 'திகுர்' என்றொரு ஏற்பாடு உண்டு. நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான்: பத்துப் பேர் கூடிப் பணம் போடுவது, முறை வைத்து ஒருவர் எடுப்பது, எடுத்த பணத்தில் தொழில் தொடங்குவது. வங்கி எட்டிப்பார்க்காத காலத்தில் இதை வைத்தே வியாபாரம் வளர்த்தார்கள். திபெத் எல்லை மூடி உப்பு வியாபாரம் படுத்ததும், பலர் பொக்காராவுக்கும் காத்மாண்டுக்கும் இறங்கி உணவு விடுதி வைத்தார்கள். இன்று நேபாளத்தின் எந்த நகரத்திலும் 'தகாலி சாப்பாடு' என்றால் நல்ல சாப்பாடு என்று பொருள். ஜோம்சோம் விடுதிகளில் அதன் அசல் ருசி கிடைக்கும்: சோறு, தாளித்த கறுப்பு உளுந்துப் பருப்பு, புளிக்கவைத்து உலர்த்திய கீரைக் குழம்பு, மேலே ஒரு கரண்டி நெய். வீட்டம்மாவை 'தீதி' என்று கூப்பிட்டால் போதும், இரண்டாம் முறை கேட்காமலே பரிமாறுவார்.

பக்கத்தில் ஆறேழு கிலோமீட்டரில் மர்பா. 1960-களில் அங்கே அரசுத் தோட்டக்கலைப் பண்ணை வந்தது; அதிலிருந்து ஆப்பிள் மரம் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. இலையுதிர் காலத்தில் மாடிகளில் ஆப்பிளை வட்டம் வட்டமாக அரிந்து, நூலில் கோத்துக் காயவைத்திருப்பார்கள். மழையற்ற வானமும் ஓயாத காற்றும் உலர்த்தும் வேலைக்கு வாய்த்தவை. ஆனால் காலம் மாறிவருகிறது. பனி குறைந்து வெப்பம் ஏறியதில் தாழ்ந்த ஊர்களில் ஆப்பிள் சரியாகக் காய்ப்பதில்லை, தோட்டங்கள் மேலே மேலே ஏறுகின்றன. மழைக்குப் பழகாத மண்மாடிகள் ஒழுகத் தொடங்கியிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் காக்பேனியில் வந்த வெள்ளம் வீடுகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. மழை மறைவுப் பிரதேசம் என்று பாடப்புத்தகத்தில் படித்த ஊரில் வெள்ளம்.

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தெற்கே உள்ள பேனி என்ற ஊரிலிருந்து ஜோம்சோமுக்குச் சாலை வந்தது. பொக்காராவிலிருந்து ஒரு பகல் பயணம். மழைக்காலத்தில் மண்சரிந்தால் அதற்கு மேலும். சாலை வந்ததால் அரிசி விலை இறங்கியது, ஆப்பிள் லாரியில் போகிறது. விமானம் நின்றுவிடவில்லை. முதியவர்களும் நோயாளிகளும் அந்தக் குலுங்கலைத் தாங்க மாட்டார்கள்.

ஜோம்சோமிலிருந்து முக்திநாத் ஜீப்பில் ஒன்றரை மணி நேரத்துக்குள். கோயில் 3,700 மீட்டருக்கு மேலே. நூற்றெட்டுத் தாரைகளின் பனிநீரில் நனைந்து உள்ளே போனால், பெருமாளுக்குத் தீபம் ஏற்றுவது பௌத்தப் பிக்குணிகள். அவர்களுக்கும் அது புண்ணியத் தலம். காலையில் 820 மீட்டர் பொக்காராவில் காபி குடித்தவர் நண்பகலில் இந்த உயரத்தில் நின்றால் தலைவலியும் மூச்சிரைப்பும் வருவது இயல்பு. ஜோம்சோமில் ஓர் இரவு தங்குவது வீண் செலவு இல்லை. உடம்புக்கு அதுதான் மருந்து.

திரும்பும் நாளில் விமான நிலையத்தில் கேட்கும் பேச்சு எனக்கு நன்றாகப் பழக்கம். "மாமி, இன்னிக்கும் போகாதாம். நாளைக்குக் காத்மாண்டுல கனெக்‌ஷன் இருக்கே, என்ன பண்றது?" அடுத்து யாரோ கவுன்ட்டருக்குப் போய்க் குரல் உயர்த்துவார்கள். தவறு அந்த ஊழியர் மீது இல்லை. இரண்டு நாள் இடைவெளிகூட விடாமல் அட்டவணை போட்டு, கட்டணத்தைக் குறைத்துக் காட்டிய ஏற்பாட்டாளர் மீது.

எனவே யாத்திரைக்குப் பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஜோம்சோமுக்கு எத்தனை நாள் உபரி வைத்திருக்கிறீர்கள்? இரண்டு நாளாவது இல்லையென்றால் அந்தக் கோஷ்டியோடு போகாதீர்கள். பறக்காத நாளில் மர்பா வரை நடந்து வாருங்கள், உலர்ந்த ஆப்பிள் வாங்குங்கள், பாலம் தாண்டிப் பழைய ஜோம்சோமைப் பாருங்கள். பெரியவர்களை அழைத்துப்போகிறவர்கள், புறப்படுமுன் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள். விமானி மறுத்தால் மறுபேச்சு பேசாதீர்கள்.