குழலில் எஞ்சியிருக்கும் எஃகு

பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பாஸ் ஆகிய லண்டன் பெயர்களில் ஏதேனும் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தால் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் விலை பல மடங்கு ஏறிவிடும் என்பது உண்மையே. எனினும் இத்தொழிலில் நெடுங்காலம் பழகியவர்கள் பெயரைப் பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள். ஏனெனில் பெயர் தேய்வதில்லை. அதைத் தாங்கியிருக்கும் உலோகமும் மரமுமே தேய்கின்றன. பட்டறையிலிருந்து வெளியேறிய நாளில் அத்துப்பாக்கியில் என்ன இருந்தது, அதன்பின் எத்தனை கைகள் அதிலிருந்து எவ்வளவைச் சுரண்டியெடுத்திருக்கின்றன, இன்று மிஞ்சியிருப்பது என்ன என்று கணக்கிடுவதே மதிப்பீடு. மற்றவை அதற்குத் துணைபுரியும் தகவல்கள் மட்டுமே.

ஒரே குண்டுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான ஈய ரவைகளைச் சிதறவிடும் இவ்வகைத் துப்பாக்கியின் உயிர் அதன் குழல்களில் இருக்கிறது. ஈரத்திலும் கரிமருந்தின் கசட்டிலும் குழலின் உட்புறத்தில் துருக்குழிகள் விழும். அவற்றைப் போக்க உட்சுவர் முழுவதும் தேய்க்கப்படும். வெளியே எங்கேனும் இடிபட்டுப் பள்ளம் விழுந்தால் உள்ளிருந்து அதை மேலெழுப்பி, வெளிப்புறத்தை அரத்தால் சமன்செய்வார்கள். குழலின் கருமை மங்கியதும் மறுபடி கருமையேற்றுவதற்காக மேற்பரப்பு மீண்டும் மெருகிடப்படும். ஒவ்வொரு வேலையும் தனியே பார்த்தால் நியாயமானதும் அவசியமானதுமாகவே தோன்றும். நூறாண்டுகளில் இப்படிப் பல முறை தேய்ந்த குழல் பளபளப்பாகத் தோன்றினாலும் அதன் சுவர் ஆபத்தான அளவுக்கு மெலிந்திருக்கக்கூடும். புதிதுபோல் மின்னும் பழைய துப்பாக்கியைக் கண்டால் அனுபவசாலியின் ஐயம் கூடுவது இதனால்தான்.

இத்தேய்மானத்தை அளக்க ஆங்கிலேயச் சட்டமே ஒரு வழியை வைத்திருக்கிறது. லண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காமின் சோதனைச்சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட மிகையான அழுத்தம் தரும் மருந்தை இட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவது இவ்விரண்டின் பணி. அம்முத்திரைகள் குழல்களைக் கழற்றினால் தெரியும் அடிப்புறத் தட்டையான பகுதியில் இருக்கும். முத்திரையோடு குழலின் உள்விட்டமும் குறிக்கப்படும் என்பதே இங்கு முக்கியமானது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு வரும் விட்டமே 12 போர், அதாவது .729 அங்குலம். பழைய முத்திரை முறையில் 13 என்பது .710, அடுத்த படியான 13/1 என்பது .719, 12 என்பது .729, 12/1 என்பது .740 அங்குலம். 13/1 என்று முத்திரையிட்ட குழலை அதன் பின்முனையிலிருந்து ஒன்பது அங்குலத்தில் அளவுகோலைச் செலுத்தி அளக்கும்போது .735 காட்டினால், அங்குலத்தில் ஆயிரத்தில் பதினாறு பங்கு வரை உள்ளிருந்து போயிருக்கலாம் என்பதும், குழல் அடுத்த படியைத் தாண்டிவிட்டதால் அதன் சோதனை செல்லாது என்பதும் ஒரே நொடியில் விளங்கும். 1868இன் குழல் சோதனைச் சட்டப்படி அத்தகைய துப்பாக்கியை மறுசோதனையின்றி பிரிட்டனில் விற்பது குற்றம். மறுசோதனையில் குழல் வெடித்தால் உரிமையாளரிடம் மிஞ்சுவது வெறும் மரமும் பூட்டும்தான்.

உள்விட்டம் பாதிக் கதையைத்தான் சொல்லும். உள்ளே தேயாமல் வெளியே மட்டும் அரம்பட்ட குழல் இச்சோதனையில் தப்பிவிடும். ஆகவே சுவர்த் தடிமனை நேரடியாக அளப்பது இன்றியமையாதது. இதற்கான கருவியில் ஒரு நீண்ட கம்பி குழலுக்குள் நிற்க, வெளியே ஒரு முள் சுவரைத் தொட்டு அளவு காட்டும். குழலை மெல்லச் சுழற்றி, பின்முனையிலிருந்து வாய்வரை நகர்த்திக்கொண்டே போனால் மிக மெலிந்த இடம் பெரும்பாலும் முன்பாதியில் அகப்படும். அங்கே அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்பது வணிகர்களிடையே நிலவும் வழக்கம். கனமான கல்யாணப் பத்திரிகை அட்டையின் தடிமனே அவ்வளவுதான் இருக்கும். சட்டம் இதற்குக் குறைந்தபட்ச அளவு எதையும் விதிக்கவில்லை என்பதால் பதினெட்டோ பதினாறோ காட்டும் குழலும் சட்டப்படி விற்பனைக்கு வரலாம். வாங்குபவர் தயங்குவார், விலை சரியும். இரு குழல்களின் அளவும் வேறுபட்டால் ஒன்றில் மட்டும் பள்ளம் எடுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். இந்த எண்களை எழுதித் தராத விற்பனை அறிக்கையை, அது எவ்வளவு அழகிய படங்களோடு வந்தாலும், மதிப்பீட்டு ஆவணமாகக் கருதவே கூடாது.

கருவி இல்லாத இடத்திலும் கண்ணும் காதும் பெரிதும் உதவும். குழலைச் சன்னலின் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, சன்னல் சட்டத்தின் நிழல் உட்சுவரில் ஓடுமாறு மெல்லத் திருப்பினால், நிழற்கோடு வளையும் இடத்தில் பள்ளமோ வீக்கமோ இருக்கும். குழல்களை அடிக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் நகத்தால் சுண்டினால் நல்ல இணைப்பு மணியோசை போல் நீண்டு ஒலிக்கும். இரு குழல்களையும் இணைக்கும் பட்டையின் ஈயப்பற்று எங்கேனும் விட்டிருந்தால் ஒலி சட்டென்று அடங்கிவிடும்.

குழல் தேறியபின் அது பின்பகுதியோடு சேருமிடத்தைப் பார்க்க வேண்டும். மடித்துத் திறக்கும் இத்துப்பாக்கிகளில் குழல்களின் பின்முகம் எஃகுச் சுவர் ஒன்றோடு இடைவெளியின்றிப் பொருந்தி நிற்க வேண்டும். முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய துப்பாக்கியை லேசாக ஆட்டினால் ஆட்டம் தெரிவதும், அவ்விடைவெளியில் ஒளிக்கீற்று தெரிவதும் தேய்மானத்தின் அடையாளங்கள். இதைச் சரிசெய்ய நேர்மையான வழி கீல் ஆணியை மாற்றுவது அல்லது அதைப் பற்றும் அடிக் கொக்கியில் புதிய உலோகம் சேர்த்துப் பொருத்துவது. கொக்கியைச் சுத்தியலால் தட்டி உலோகத்தைப் பிதுக்கி நெருக்கிவிடும் மலிவான தந்திரமும் உண்டு. சில நூறு வெடிகளில் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். கொக்கியின் வளைவில் தட்டிய தழும்பு தெரிந்தால் விலையைக் குறைப்பது மட்டும் போதாது. அத்துப்பாக்கியின் ஏனைய பழுதுகளையும் அதே கைகள்தான் பார்த்தனவா என்று ஐயப்பட வேண்டும்.

திருகாணிகளின் தலைகள் இந்த ஐயத்தைத் தீர்க்கும் சாட்சிகள். உயர்தரத் துப்பாக்கியில் ஒவ்வொரு திருகாணியின் பிளவும் மயிரிழை அகலத்தில், குழலின் திசையிலேயே நேராக நிற்கும். தலையிலும் சித்திரவேலை ஓடும். பொருந்தாத திருப்புளி பட்டுப் பிளவின் ஓரம் கிழிந்தோ பிளவு கோணலாகவோ இருந்தால், பயிற்சியற்ற ஒருவர் பூட்டைத் திறந்திருக்கிறார் என்பது உறுதி. சித்திரவேலையின் விளிம்புகள் மழுங்காமல் கூராக இருப்பதும், எஃகை எலும்புக்கரியோடு சுட்டுக் குளிர்விக்கும்போது மேற்பரப்பில் தோன்றும் நீலமும் பழுப்புமான நிறவரிகள் மறைவான இடுக்குகளிலாவது மிஞ்சியிருப்பதும் சேகரிப்பாளருக்குப் பெரும் பொருட்டு. மீண்டும் நிறமேற்றிய துப்பாக்கி அழகாக இருக்கலாம். இயல்பாக மங்கியதுதான் மதிப்பு மிக்கது. கட்டை வால்நட் மரத்தாலானது. அதில் எண்ணெய் ஊறிக் கறுத்த கழுத்தையும், பூட்டுத் தகட்டின் பின்னே ஓடும் மெல்லிய விரிசலையும், பின்முனையில் நீளம் கூட்டிய ஒட்டையும் பார்த்தால் போதும்.

இவ்வளவும் முடிந்தபின் பெயருக்கு வரலாம். 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சனும் டீலியும் காப்புரிமை பெற்ற பாக்ஸ்லாக் அமைப்பு, அடிக்கும் உறுப்புகளை நடுப்பெட்டிக்குள் அடக்கி உற்பத்தியை எளிதாக்கியது. இரு பக்கத் தகடுகளில் பூட்டைப் பொருத்தும் சைட்லாக் அமைப்பே உயர்தரத்தின் அடையாளமாக நின்றது. துப்பாக்கி வினைஞர் ஃபிரடெரிக் பீஸ்லி 1880இல் காப்புரிமை பெற்று பர்டிக்கு விற்ற அமைப்பு இன்றும் பர்டி துப்பாக்கியின் அடித்தளம். அதன் வில்லின் ஒரு பகுதி விசையே துப்பாக்கி தானாகத் திறக்க உதவுகிறது. ஆனால் சிற்றூர்களின் துப்பாக்கிக் கடைக்காரர் பெயர் தாங்கிய ஏராளமான பாக்ஸ்லாக்குகள் பர்மிங்காம் பட்டறைகளில் உருவாகிக் கடைக்காரரின் பெயரைப் பின்னர் ஏற்றவை. அவை பெயரால் தாழ்ந்தவை, வேலையால் தாழ்ந்தவை அல்ல. பெயர் பொய்யாகவும் இருக்கலாம் என்பதால் தொடர்எண்ணை நிறுவனப் பதிவேட்டோடு ஒப்பிடுவது அவசியம். முகவரியும் பேசும்: 1826 முதல் பர்டி இருந்த இடம் 314½ ஆக்ஸ்ஃபோர்டு தெரு, 1880களின் தொடக்கத்தில் அது சவுத் ஆட்லி தெருவுக்குப் போனது. 1870களின் தொடர்எண் கொண்ட பூட்டோடு புதிய முகவரி பொறித்த குழல் வந்தால், குழல் பின்னர் மாற்றப்பட்டது என்று கொள்ள வேண்டும். மாற்றியவர் தயாரிப்பாளரே என்றால் இழப்பு சிறிது. பழைய குழல்களின் பின்முனையை மட்டும் வைத்துக்கொண்டு புதிய குழாய்களைச் செருகி இணைத்ததாயின் அதில் 'ஸ்லீவ்டு' என்ற முத்திரை இருந்தே தீரும். சுடுவதற்கு அது நல்ல துப்பாக்கி, சேகரிப்பதற்கு ஏற்றதல்ல.

இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிச் செய்த டமாஸ்கஸ் குழல்களைப் பற்றிய அச்சம் மிகையானது. நைட்ரோ எனப்படும் புகையற்ற மருந்துக்கான முத்திரையும் போதிய சுவர்த் தடிமனும் உடைய டமாஸ்கஸ் குழல், மெலிந்த எஃகுக் குழலைவிட நம்பத்தக்கது. அந்த முறுக்கின் சித்திரத்தை இனி எவரும் பெருமளவில் உருவாக்கப் போவதில்லை என்பதால் அதைக் காப்பது ஒரு கடமையும்கூட.

ஆங்கிலேய ஆட்சிக்காலத்தில் இவற்றுள் பல இந்தியாவுக்கு வந்தன. கல்கத்தாவின் மேன்டன், ரோடா நிறுவனங்களும் சென்னையின் பி. ஓர் அண்ட் சன்ஸும் தங்கள் பெயர் பொறித்து விற்றவை பெரும்பாலும் பிரிட்டிஷ் வேலைப்பாடே. கடலோர ஈரத்தில் துருவும், வெயிலில் வறண்ட கட்டையில் விரிசலும் அவற்றுக்கு வழக்கமான நோய்கள். இந்தியாவில் அவற்றின் விலையை வேலைத்தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் தேவை என்பதும், 2019 திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கக்கூடிய ஆயுதங்கள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்ததும் நல்ல பல துப்பாக்கிகளை வாங்குவோரின்றி நிறுத்திவிட்டன.

சந்தையின் விருப்பங்களும் மாறுகின்றன. 25 அங்குலக் குழலைத் துப்பாக்கி வினைஞர் ராபர்ட் சர்ச்சில் பரப்பிய காலம் போய், 29, 30 அங்குலங்களே இப்போது தேடப்படுகின்றன. ஒன்று, இரண்டு என்று பொன்னெண் பதித்த இணைத்துப்பாக்கிகள் பிரியாமல் பெட்டியோடு வந்தால் இரு தனித் துப்பாக்கிகளின் கூட்டுவிலையை மிஞ்சும். ஈய ரவையைக் கைவிடுவதென்று 2020இல் பிரிட்டனின் வேட்டை அமைப்புகள் அறிவித்தது எல்லாவற்றையும்விடக் கடுமையான மாற்றம். பழைய மெலிந்த குழல்களுக்கு எஃகு ரவை ஏற்றதல்ல. அவற்றின் தோட்டா அறையும் பெரும்பாலும் 2½ அங்குலமே. புதிய 2¾ அங்குலத் தோட்டாவுக்கேற்ப அறையை நீட்டிக்கொள்ளச் சிலர் ஆலோசனை தருகின்றனர். வெடிப்பின் அழுத்தம் உச்சத்தில் நிற்கும் இடத்திலேயே உலோகத்தைக் கழிக்கும் வேலை இது, மறுசோதனையும் தேவைப்படும், பெரும்பாலும் விலையைக் கூட்டுவதும் இல்லை. 2½ அங்குல அளவில் பிஸ்மத் ரவைத் தோட்டாக்கள் கிடைக்கின்றன. அவை விலை அதிகமானாலும், அச்செலவைத் தோட்டாவில் ஏற்றுக்கொண்டு குழலை விட்டுவைப்பதே அத்துப்பாக்கிக்குச் செய்யும் நியாயம்.