கொட்டியாரக் குடாவிலிருந்து காலி வீதிக்கு

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடக்கிறது கொட்டியாரக் குடா. அக்கரையில் மூதூர். 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பழுது பார்க்க இக்குடாவுக்குத்தான் வந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் 1660இல் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் பிடித்துச் சென்றனர். தந்தை கண்டி இராச்சியத்திலேயே இறந்தார். மகன் தப்பிச் செல்ல 1679 ஆயிற்று. அந்நிய நாட்டில் கால் வைக்க அனுமதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் கரையே சாட்சி.

2025 செப்டெம்பரில் என் தங்கை மகளுக்கு அந்த அனுமதி தேவைப்பட்டது. கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் படிக்கும் அவள், கலாசாரப் பரிமாற்றத் திட்டமொன்றில் அமெரிக்காவில் சில மாதங்கள் படிக்கத் தெரிவாகியிருந்தாள். அவள் வாப்பா வெளிநாட்டில். கொழும்புக்குத் துணையாக நான் போனேன்.

இதற்குரிய விசாவை 'ஜே-1' என்கிறார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அழைக்கும் நிறுவனம் 'டிஎஸ்-2019' என்ற பத்திரத்தை அனுப்பும். அதன் பிறகு 'டிஎஸ்-160' விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பி, தூதரகத்தில் நேர்முகத்துக்குச் செல்ல வேண்டும்.

முதல் சிக்கல் பெயர். 'பாத்திமா'வுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறொன்று. நம் வீடுகள் பலவற்றில் இதே கதைதான். அதைத் திருத்திய பின்னரே வவுனியாவில் கடவுச்சீட்டு எடுத்தோம். புகைப்படம் பற்றிய பயம் வீணாயிற்று. மார்க்கக் காரணத்துக்காக நாள்தோறும் அணியும் முக்காட்டுக்குத் தடையில்லை. முகம் முழுதும் தெரிந்தால் போதும். மூக்குக் கண்ணாடிதான் கூடாது.

பெரிய தகராறு வேறு. 2025 ஜூன் முதல் இவ்விசா கேட்போர் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். மகள் தன் கணக்கைப் பூட்டியே வைத்திருந்தவள். என் உம்மா கொதித்துவிட்டார். "நம்ம ஊட்டுப் பொண்டுகள்ற முகத்த அந்நியன் ஏன் பாக்கணும்? படிப்பும் வேணாம், பயணமும் வேணாம்!"

மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "பெரியும்மா, என்ட படங்கள் என்னோட விசயம். மத்தவங்கட படங்கள் அமானிதம்" என்றாள். உறவுப் பெண்களின் படங்களை நீக்கினாள். முக்காட்டோடு உள்ள தன் படங்களை விட்டாள். கணக்கின் பெயரை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதினாள். உம்மாவும் மௌனமானார்.

இரவுப் புகையிரதத்தில் புறப்பட்டோம். கல்ஓயாச் சந்தியில் வண்டி நின்றபோது ஊரே உறக்கம். அவள் மட்டும் காகிதங்களை எண்ணிக் கொண்டிருந்தாள். விடியற்காலை கொழும்பு கோட்டை. பஜ்ரு தொழுதுவிட்டுக் காலி வீதிக்குச் சென்றோம். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். தஸ்பீஹ் மணிதான் துணை.

வெளியே வந்தவளின் கண்கள் கலங்கியிருந்தன. நெஞ்சு திக்கென்றது.

"கிடைச்சிட்டு பெரியும்மா!"

"என்ன கேட்டாங்க?"

"திரும்பி வந்து என்ன செய்வீங்க எண்டு கேட்டாங்க. பட்டத்த முடிக்கணும், எங்கட ஊர்ல படிப்பிக்கணும் எண்டு சொன்னன்."

அல்ஹம்துலில்லாஹ்! சகோதரிகளே, இவ்விசாவின் உயிர்நாடி அந்தக் கேள்விதான். சொந்த ஊரைக் கைவிடும் எண்ணமில்லை என்று காட்டியாக வேண்டும். அரசுப் பணத்தில் செல்வோர் முடிந்ததும் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருந்த பிறகே அங்கே குடியேற விண்ணப்பிக்கலாம் என்ற விதியும் உண்டு. போவது கற்க; வருவது கற்றதைக் கொடுக்க.

உங்கள் மகளுக்கும் இப்படியொரு வாய்ப்பு வரலாம். பெயரின் எழுத்துகளை இன்றே சரிபாருங்கள். விண்ணப்பத்தில் ஒரு சொல்லும் பொய் வேண்டாம். ஊர்ப் பாசத்தை நெஞ்சில் ஊட்டி வளருங்கள். நொக்ஸ் தன் ஊர் திரும்பப் பத்தொன்பது ஆண்டுகள் ஏங்கினார். நம் பிள்ளைகள் அனுமதியோடு சென்று, ஸலாம் சொல்லி வாசலில் வந்து நிற்கட்டும், இன்ஷா அல்லாஹ்.