அப்படியிருக்க



மணிமேகலையின் 29ஆம் காதையில் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தருக்க முறையை விளக்குகிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவவேண்டிய கருத்து. அங்கே புகை எழுவது ஏது, அதாவது காரணம். திட்டாந்தமாக அவர் காட்டுவது அடுக்களையை. (அதை அறியாதவர் யார்!)

நிருபங்களை வாசிக்கவும் இம்முறை உதவும். ரோமர் 12ஆம் அதிகாரம் "அப்படியிருக்க" என்று தொடங்குகிறது. நம்மையே தேவனுக்கு ஒப்புக்கொடுக்கவேண்டும் என்பது பவுலின் வேண்டுகோள். அதற்கு ஏதுவாக அவர் வைக்கும் தேவ இரக்கமோ முந்தைய 11 அதிகாரங்களில் விரிந்து கிடக்கிறது. வாக்குத்தத்த அட்டைக்கென்று வேண்டுகோளை மட்டும் கத்தரித்து எடுத்தால், சோர்ந்திருக்கும் விசுவாசிக்கு அது இன்னுமொரு சுமையாகவே கேட்கும். ஞாயிறன்று விளாங்குடியில் 12ஆம் அதிகாரத்தைத் தியானிக்குமுன், அந்த 11 அதிகாரங்களையும் வீட்டில் வாசித்து வாருங்கள்.